விடியும்வரை நின்றவர்கள்
லோங்கேவாலா எல்லைக் காவலும் தனோட் அன்னையின் ஆலயமும்

நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் உரிய தெய்வத்தையும் வாழ்வையும் வகுத்துக் கண்டவர்கள் தமிழர்கள். அவற்றுள் நீரற்று, நிழலற்று, வழிநடப்போர் அஞ்சும் நிலம் பாலை. அந்தப் பாலைக்குரிய தெய்வமாகப் போற்றப்பட்டவள் கொற்றவை. வெற்றியைத் தருபவள் என்பதே அவள் பெயரின் பொருள். சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் பாலைநில மக்கள் அவளை வழிபடும் காட்சி விரிவாகக் கூறப்பட்டிருப்பதைத் தமிழறிந்தோர் அறிவர்.

போரையும் அவ்வாறே பகுத்துப் பார்த்தது தமிழ் மரபு. கோட்டையை முற்றுகையிடுவோர் சூடும் பூ உழிஞை. உள்ளே நின்று கோட்டையைக் காப்போர் சூடும் பூ நொச்சி. படையெடுப்பவனின் வீரம் வேறு, இருக்கும் இடத்தை விட்டு அகலாமல் காப்பவனின் வீரம் வேறு என்பதை உணர்ந்தே முன்னோர் இரண்டிற்கும் தனித்தனிப் பூவும் தனித்தனிப் பெயரும் தந்தனர். பாலைநிலத்துத் தெய்வமும் நொச்சி வீரமும் ஓரிடத்தில் கூடிய வரலாறு ஒன்று 1971ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இந்தியாவின் மேற்கு எல்லையில் நிகழ்ந்தது. லோங்கேவாலா என்னும் சிறு காவல் நிலையத்தின் வரலாறே அது.

தார்ப் பாலைவனமும் தனோட் அன்னையும்

இராஜஸ்தான் மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ளது ஜெய்சால்மர் மாவட்டம். மஞ்சள் நிறக் கற்களால் கட்டப்பட்ட கோட்டையால் புகழ்பெற்ற ஜெய்சால்மர் நகரைக் கடந்து மேற்கே சென்றால், கண்ணுக்கெட்டிய தொலைவுவரை மணற்குன்றுகளே காணப்படும். கோடையில் வெப்பம் 50 பாகையை நெருங்கும்; டிசம்பர் மாத இரவிலோ எலும்பை உறைய வைக்கும் குளிர். இன்று இருக்கும் மணற்குன்று சில நாள்களில் வேறிடத்தில் இருக்கும். அத்தகைய நிலத்தில், ஜெய்சால்மரிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், பாகிஸ்தான் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது தனோட் என்னும் சிற்றூர். அங்கே எழுந்தருளியிருப்பவள் தனோட் மாதா.

கி.பி. 828ஆம் ஆண்டில் தனு ராவ் என்னும் ராஜபுத்திர அரசர் இந்த ஆலயத்தை எழுப்பினார் என்பது அப்பகுதியின் மரபு. தனோட் அன்னையை ஹிங்லாஜ் மாதாவின் அவதாரமாகவே பக்தர்கள் வணங்குகின்றனர். ஹிங்லாஜ் மாதாவின் குகைக் கோயில் இருப்பதோ எல்லைக்கு அப்பால், பாகிஸ்தானின் பலுசிஸ்தான் மாநிலத்தில். சக்தி பீடங்களுள் ஒன்றாகக் கருதப்படும் அக்கோயிலை அங்குள்ள முஸ்லிம் மக்களும் மதித்து, நானி கோயில் என்று உரிமையோடு அழைப்பது வழக்கம். நாடுகள் இரண்டாகப் பிரிந்தபின்னும் அன்னை இரு புறமும் வீற்றிருக்கிறாள் என்பது சிந்திக்கத்தக்கது.

1965ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தான் மோதலின்போது தனோட் பகுதி கடுமையான பீரங்கித் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஏறத்தாழ 3000 குண்டுகள் அப்பகுதியில் விழுந்தன என்றும், அவற்றுள் சுமார் 450 குண்டுகள் ஆலயத்தைச் சுற்றி விழுந்தும் வெடிக்கவில்லை என்றும், ஆலயத்திற்குச் சிறு சேதமும் இல்லை என்றும் அங்குள்ளோர் கூறுவர். வெடிக்காத குண்டுகள் சில இன்றும் ஆலயத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. மென்மணலில் புதையும் குண்டு வெடிக்காமற் போவதுண்டு என்று காரணம் கூறுவோரும் உளர். அங்கே காவல் நின்ற வீரர்களுக்கோ அது அன்னையின் அருள் என்பதில் ஐயமே இல்லை. எதிர்த்தரப்பில் போரிட்ட படைத்தலைவர் ஒருவரே பின்னாளில் அனுமதி பெற்று வந்து, அன்னைக்கு வெள்ளிக் குடை காணிக்கையாக அளித்தார் என்றும் அங்கு வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

அதே 1965ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இந்தியாவின் எல்லைப் பாதுகாப்புப் படை நிறுவப்பட்டது. அதன்பின் தனோட் ஆலயத்தின் பொறுப்பை அப்படையினரே ஏற்றனர். அன்றாடப் பூசை முதல் ஆலயத்தைத் தூய்மை செய்வதுவரை அனைத்தையும் படைவீரர்களே செய்துவருகின்றனர். துப்பாக்கி ஏந்திய கையே மாலையில் ஆரத்தித் தட்டையும் ஏந்துகிறது.

1971: போர் மூண்டது

1971ஆம் ஆண்டில் கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்காள தேசத்தில், மக்களின் விடுதலைக் கிளர்ச்சியும் அதனை ஒடுக்கும் இராணுவ நடவடிக்கையும் நிகழ்ந்தன. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் நுழைந்தனர். டிசம்பர் 3ஆம் நாள் மாலையில் பாகிஸ்தான் விமானங்கள் இந்தியாவின் மேற்கு எல்லையை அடுத்த விமானத் தளங்களைத் தாக்கியதோடு முழுப் போர் மூண்டது. கிழக்கில் ஏற்படக்கூடிய இழப்பை மேற்கில் இந்திய நிலத்தைக் கைப்பற்றி ஈடுசெய்வது பாகிஸ்தான் படைத்தலைமையின் எண்ணம். அதன் ஒரு பகுதியாகவே, பாலைவனத்தின் வழியே டாங்கிப் படையொன்றைச் செலுத்தி ஜெய்சால்மரைப் பிடிக்கத் திட்டமிடப்பட்டது. காலை உணவு லோங்கேவாலாவில், மதிய உணவு ராம்கரில், இரவு உணவு ஜெய்சால்மரில் என்று அப்படையினர் பேசிக்கொண்டதாகப் பின்னாளில் பரவலாகக் கூறப்பட்டது.

அந்தப் பாதையின் முதற்படியில் இருந்ததுதான் லோங்கேவாலா. எல்லையிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உள்ளே, சுற்றிலும் மென்மணல் சூழ்ந்த ஒரு மேட்டின்மீது அமைந்த காவல் நிலையம் அது. அதனைக் காத்து நின்றது பஞ்சாப் ரெஜிமெண்டின் 23ஆவது பட்டாலியனைச் சேர்ந்த ‘ஏ’ கம்பெனி. வீரர்களின் எண்ணிக்கை சுமார் 120. அவர்களோடு ஒட்டகங்களுடன் ரோந்து செல்லும் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் சிலரும் இருந்தனர். தலைவர், 31 வயது நிரம்பிய மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி. இயந்திரத் துப்பாக்கிகள், சிறு மோர்ட்டார்கள், ஜீப் வண்டியில் பொருத்தப்பட்ட டாங்கி எதிர்ப்புப் பீரங்கி ஆகியவையே அவர்களிடம் இருந்த பெரிய ஆயுதங்கள். டாங்கி ஒன்றுகூட இல்லை.

நிலவொளியில் கேட்ட ஓசை

டிசம்பர் 4ஆம் நாள் இரவு. பௌர்ணமி கழிந்து இரண்டு நாள்களே ஆகியிருந்தமையால் மணற்பரப்பு நிலவொளியில் நனைந்திருந்தது. லெப்டினன்ட் தரம் வீர் தலைமையில் சுமார் 20 வீரர்கள் எல்லைத் தூண் ஒன்றை ஒட்டி ரோந்து சென்றிருந்தனர். அப்போது எல்லைக்கு அப்பாலிருந்து இயந்திரங்களின் உறுமல் அவர்கள் செவியில் விழுந்தது. சற்று நேரத்தில் நெடிய டாங்கி வரிசை எல்லையைக் கடந்து லோங்கேவாலாவை நோக்கி ஊர்வது தெரிந்தது. ரோந்துக் குழு உடனே வயர்லெஸ் மூலம் செய்தி அனுப்பியது. அத்தோடு நில்லாமல், அப்படையைப் பின்தொடர்ந்து அதன் நகர்வையும் அறிவித்துக்கொண்டே வந்தது.

வந்துகொண்டிருந்தது ஒரு முழுக் காலாட்படைப் பிரிகேடும் அதற்குத் துணையான டாங்கிகளும். வீரர்கள் இரண்டாயிரத்திற்கு மேல். டாங்கிகள் நாற்பதுக்கு மேல். ஒருவருக்குப் பதினைந்து பேருக்கு மேல் என்ற அளவில் எதிரிகள் வருகின்றனர் என்பது காவல் நிலையத்தில் இருந்தோர்க்கு விரைவில் தெளிவாயிற்று.

மேஜர் சாந்த்புரி மேலிடத்தைத் தொடர்புகொண்டு உதவி கோரினார். காலைக்குமுன் துணைப்படை எதுவும் வந்துசேர இயலாது என்ற விடையே கிடைத்தது. ஜெய்சால்மர் விமானத் தளத்தில் இருந்த ஹண்டர் வகைப் போர் விமானங்களுக்கு இரவில் இலக்கைக் கண்டு தாக்கும் வசதி இல்லை. ஆகவே விடியும்வரை வானிலிருந்தும் உதவி இல்லை. நிலையத்தைக் காத்து நிற்பதா, ராம்கருக்குப் பின்வாங்குவதா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம் என விடப்பட்டது.

அந்த முடிவு எளிதானதன்று. பின்வாங்கினால் அவர் மீது எவரும் குறை கூறியிருக்க இயலாது. ஆனால் கம்பெனிக்குப் போதிய வாகனங்கள் இல்லை. திறந்த மணல்வெளியில் கால்நடையாகச் செல்லும் வீரர்களை டாங்கிகள் எளிதில் பிடித்துவிடும். நிலையமோ மேட்டில் இருக்கிறது. சுற்றிலும் டாங்கிகளின் சக்கரங்களை விழுங்கும் மென்மணல். எல்லாவற்றிற்கும் மேலாக, லோங்கேவாலா வீழ்ந்தால் ராம்கர் செல்லும் பாதை திறந்துவிடும். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, நின்று காப்பது என்று அவர் முடிவு செய்தார். அன்றிரவு அவர் பதுங்குகுழி பதுங்குகுழியாகச் சென்று வீரர்களுக்கு ஊக்கமளித்தார் என்பர்.

முள்கம்பி செய்த காவல்

நள்ளிரவுக்குப்பின் பீரங்கிக் குண்டுகள் விழத் தொடங்கின. எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டகங்கள் சில மாண்டன. டாங்கிகள் நெருங்கி வந்தன. காவல் வீரர்களோ சுடவில்லை. தங்கள் ஆயுதங்கள் தொலைவில் உள்ள டாங்கியைத் துளைக்க வல்லவை அல்ல என்பதை அவர்கள் அறிவர். சில பத்து மீட்டர் தொலைவுக்கு அவை வரும்வரை மூச்சடக்கிக் காத்திருந்தனர், அதன்பின்னரே சுட்டனர். முன்னே வந்த இரண்டு டாங்கிகள் தீப்பற்றி எரிந்தன. நெடுந்தூரப் பயணத்திற்காக டாங்கிகளின்மீது கூடுதல் எரிபொருள் பீப்பாய்கள் ஏற்றப்பட்டிருந்தன. அவை எரிந்த ஒளியில் பின்னால் வந்த காலாட்படையும் தெளிவாகத் தெரிந்தது.

அப்போது எதிர்பாராத உதவி ஒன்று மிகச் சாதாரணமான பொருளிலிருந்து வந்தது. நிலையத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போடப்பட்டிருந்தது. அதனைக் கண்ட எதிர்ப்படையினர், வேலிக்குள் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருக்கும் என்று கருதித் தயங்கினர். கண்ணிவெடி அகற்றும் வீரர்கள் வரவழைக்கப்பட்டு மணலைத் துழாவத் தொடங்கினர். அங்கே அத்தகைய கண்ணிவெடி வயல் இல்லை. இல்லாததைத் தேடுவதில் விலைமதிப்பற்ற நேரம் கழிந்தது. மறுபுறம், நிலையத்தைச் சுற்றி வளைக்க முயன்ற டாங்கிகளும் வாகனங்களும் மென்மணலில் சிக்கித் திணறின. எண்ணிக்கையில் பெரிய படை, இரவு முழுதும் அந்தச் சிறு மேட்டைக் கடக்க இயலாமல் நின்றது.

எல்லைப் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த லான்ஸ் நாயக் பைரோன் சிங் ராத்தோர் அன்றிரவு இயந்திரத் துப்பாக்கியைக் கையாண்டு ஆற்றிய பணி பின்னர்ப் பெரிதும் பேசப்பட்டது. இப்போரை அடிப்படையாகக் கொண்டு 1997ஆம் ஆண்டு வெளிவந்த ‘பார்டர்’ என்னும் இந்தித் திரைப்படத்தில் அவர் வீரமரணம் அடைவதாகக் காட்டப்பட்டது. உண்மையில் அவர் போரில் உயிர்தப்பி, 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதிய வயதில் காலமானார்.

விடியலும் விமானங்களும்

டிசம்பர் 5ஆம் நாள் பொழுது புலர்ந்தது. நிலையம் இன்னும் வீழவில்லை. முதல் வெளிச்சத்தோடு ஜெய்சால்மரிலிருந்து ஹண்டர் விமானங்கள் எழுந்தன. அத்தளத்தில் இருந்தவை விரல்விட்டு எண்ணத்தக்க விமானங்களே. அவையே மாறிமாறிச் சென்று தாக்கித் திரும்பி, மீண்டும் ஆயுதம் ஏற்றிக்கொண்டு பறந்தன. மேஜர் ஆத்மா சிங் சிறு கண்காணிப்பு விமானமொன்றில் வானில் வட்டமிட்டு, இலக்குகளைக் காட்டி வழிநடத்தினார். பாகிஸ்தான் படைக்கோ வான்பாதுகாப்பு இல்லை. மறைந்துகொள்ள ஒரு மரமும் அங்கே இல்லை. விமானங்களுக்குத் தப்ப டாங்கிகள் மணலில் வட்டமிட்டு வட்டமிட்டு ஓடின. அவற்றின் சக்கரத் தடங்கள் கோலம் கலைந்ததுபோல் மணலில் பதிந்திருப்பதை, விமானத்திலிருந்து எடுக்கப்பட்ட புகைப்படங்களில் இன்றும் காணலாம்.

நண்பகலுக்குள் படையெடுப்பு முறிந்தது. இந்தியத் தரப்புக் கணக்கின்படி 36 டாங்கிகளும் ஏராளமான வாகனங்களும் அழிந்தன அல்லது கைவிடப்பட்டன. எதிர்த்தரப்பில் சுமார் 200 பேர் உயிரிழந்தனர். காவல் நிலையத்தில் உயிர்துறந்தோர் இருவர். ஜெய்சால்மரில் இரவு உணவு உண்ணும் திட்டம் லோங்கேவாலாவின் மணலிலேயே முடிந்தது. டிசம்பர் 16ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மறுநாள் மேற்கிலும் போர் நின்றது.

மேஜர் சாந்த்புரிக்கு இந்தியாவின் இரண்டாவது உயரிய போர் விருதான மகா வீர் சக்கரம் வழங்கப்பட்டது. பின்னாளில் பிரிகேடியர் பதவிவரை உயர்ந்த அவர், 2018ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் காலமானார்.

பெருமை யாருக்கு?

வெற்றிக்குப் பல ஆண்டுகள் கழித்து, அதன் பெருமை தரைப்படைக்கா விமானப்படைக்கா என்ற விவாதம் எழுந்தது. டாங்கிகளுள் மிகப் பெரும்பாலானவற்றை அழித்தவை விமானங்களே என்பது மறுக்க இயலாத உண்மை. அவை வராதிருந்தால் 120 வீரர்களால் அந்தப் பகலைக் கடந்திருக்க இயலுமா என்பது ஐயமே. ஆனால் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரவிலேயே நிலையம் கைவிடப்பட்டிருந்தால், டாங்கிகள் விடிவதற்குள் மென்மணலைக் கடந்து ராம்கர்ச் சாலையில் நெடுந்தூரம் சென்றிருக்கும். விமானங்கள் வந்தபோது அவை சிக்கி நின்ற அதே இடத்தில் அகப்பட்டமைக்குக் காரணம், அங்கே சிலர் விடியும்வரை நின்றதே ஆகும்.

இதில் ஆன்மிக உண்மையொன்றும் அடங்கியுள்ளது. திருவருள் வரும் என்று நம்புவது பக்தி. அது வரும்வரை தன் கடமையை விடாமல் நிற்பது முயற்சி. மேலிருந்து வரும் உதவி கீழே நிற்பவனைத் தேடியே வருகிறது. எவரும் நிற்காத இடத்திற்கு உதவி வந்து பயனில்லை. தனோட் அன்னையின் பக்தர்களான வீரர்கள் அன்னையைத் தொழுதபின் பதுங்குகுழியைத் தோண்டாமல் இருந்ததில்லை. பதுங்குகுழியைத் தோண்டியபின் அன்னையைத் தொழாமலும் இருந்ததில்லை.

பினாங்கு அறிந்த டிசம்பர்

லோங்கேவாலா பினாங்கிலிருந்து நெடுந்தொலைவில் உள்ளது. ஆயினும் நிற்பதா நீங்குவதா என்ற வினா இத்தீவுக்குப் புதிதன்று. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், அதே டிசம்பர் மாதத்தில், ஜார்ஜ் டவுன் மக்கள் அவ்வினாவின் மறுபக்கத்தைக் கண்டனர்.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மீது குண்டு பொழிந்தன. கடைத்தெருக்கள் எரிந்தன, மக்கள் பெருமளவில் மாண்டனர். அம்மாத நடுவில் ஆங்கிலேயர் இரவோடு இரவாகத் தம்மவரைக் கப்பலேற்றி வெளியேறினர். தீவைக் காப்போம் என்று கூறியிருந்தவர்கள், ஆசிய மக்களைக் கைவிட்டுச் சென்றனர். அப்போது எஞ்சியிருந்தோருள் பொறுப்பை ஏற்க முன்வந்தவர் ஒரு தமிழர். ‘ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியரும் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவருமான மாணிக்கசோதி சரவணமுத்து அவர்களே அவர். பல இனத்தவரையும் கொண்ட சேவைக் குழு ஒன்று அவர் தலைமையில் அமைந்தது. நகரில் கொள்ளையைத் தடுப்பதும், உணவுக்கு வழி செய்வதும் அக்குழுவின் பணியாயின. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த ஆங்கிலேயக் கொடியை அவரே இறக்கி, மேலும் குண்டுவீச்சு நிகழாமல் தடுக்க முயன்றார். அவரிடம் துப்பாக்கி இல்லை; படை இல்லை. விட்டுப் போகாமல் நின்றமையே அவர் செய்த காவல். பின்னர் ஜப்பானியர் ஆட்சியில் அவர் சிறைத் துன்பமும் அனுபவித்தார்.

ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குப்பின் இந்நாடு மற்றொரு காவலையும் கண்டது. 1950ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் அதிகாலையில், ஜொகூர் மாநிலத்தில் மூவார் ஆற்றங்கரையிலிருந்த புக்கிட் கெப்போங் காவல் நிலையத்தைச் சுமார் 180 கம்யூனிஸ்டுகள் தாக்கினர. சார்ஜன்ட் ஜமில் தலைமையில் இருந்த சிறு காவலர் குழு, குடும்பத்தாரும் உடனிருக்க, சரணடைய மறுத்து மணிக்கணக்கில் போரிட்டது. மரத்தாலான நிலையம் தீயில் வெந்தது, பெரும்பாலோர் உயிர்துறந்தனர். அவர்களுக்கு விடியலில் விமானங்கள் வரவில்லை. ஆயினும் அவர்கள் நின்றது வீண் என்று எவரும் கூறுவதில்லை. வெற்றி கிட்டியதாலன்றி, நின்றதாலேயே அவர்கள் போற்றப்படுகின்றனர். லோங்கேவாலாவையும் அந்த அளவுகோலால் அளப்பதே முறை.

ஆலயம் என்னும் காவல் நிலையம்

லோங்கேவாலாவில் மாண்டோர் இரு தரப்பிலும் உண்டு. டாங்கிக்குள் எரிந்து இறந்த இளைஞனுக்கும் தாய் உண்டு. ஆகவே போரைக் கொண்டாடுவது இவ்வரலாற்றின் நோக்கமாகாது. எல்லைக்கு இரு புறமும் வீற்றிருக்கும் அன்னைக்கு எல்லாரும் பிள்ளைகளே. கொண்டாடத் தக்கது, கையிலுள்ள பொறுப்பைக் கடினமான இரவில் கைவிடாத மனவுறுதியே.

அந்த உறுதி எல்லையில் மட்டும் தேவைப்படுவதன்று. இத்தீவின் ஆலயங்கள் பலவும் துறைமுகத் தொழிலாளரும், சிறு வணிகரும், சலவைத் தொழிலாளரும், தோட்டத்துப் பாட்டாளிகளும் தம் சிறு ஊதியத்திலிருந்து எழுப்பிக் காத்தவை. போர்க் காலத்தின் பஞ்சத்திலும் எங்கோ ஒருவர் விளக்கேற்றினார். ஒருவர் நடை திறந்தார். அதனாலேயே வழிபாடு தலைமுறை தாண்டி வந்தது. அவர்களுள் பலரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. திருவிழா நாளில் கூடும் ஆயிரக்கணக்கானோர் ஆலயத்திற்கு அழகு. கூட்டம் கலைந்தபின் மண்டபத்தைக் கழுவிக் கதவடைத்து, மறுநாள் விடியலில் மீண்டும் திறக்கும் சிலரே ஆலயத்திற்குக் காவல்.

தனோட்டில் இன்றும் படைவீரர்கள் அன்னைக்கு ஆரத்தி காட்டிவிட்டு இரவுக் காவலுக்குச் செல்கின்றனர். அன்னையின் திருவருள் அவர்களுக்கும், ஆங்காங்கே தத்தம் பொறுப்பில் தளராது நிற்கும் அனைவருக்கும் துணை நிற்பதாக.